ஒருத்தர் சொன்னாங்க

ஆலோசகர் ஒருவர் தொழிற்சாலைக்கு வரப்போகிறார் என்றால் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். பதினெட்டு வருடம் எச்.ஆர். வேலை பார்த்தவனுக்கு எரிச்சல் வராவிட்டால்தான் அதிசயம். சென்னையிலிருந்து ஏசி காரில் வந்து இறங்குவார்கள். லைனில் வேலை செய்கிற பெண்களை வட்டமாக நிற்கவைத்துப் பலூன் ஊதச் சொல்வார்கள். நாம் எல்லாரும் ஒரே குடும்பம் என்று திரையில் எழுதிக் காட்டுவார்கள். மத்தியானம் பிரியாணி ஆனதும் மெல்ல என் பக்கம் சாய்ந்து, மலையில் கூட்டத்தில் நிற்காமல் சாமி பார்க்க ஏதாவது வழி உண்டா என்று கேட்பார்கள். திருத்தணிப் பக்கம் எச்.ஆர். வேலையில் பாதி இதுதான்.

இந்த அம்மா அப்படி எதுவும் கேட்கவில்லை. அரக்கோணத்தில் ரயில் ஏறி, திருத்தணியில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் கேட்டுக்கு வந்து சேர்ந்தார். என் வயதுதான், ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். கஞ்சி போட்ட காட்டன் புடவை, அதற்குக் கீழே கேன்வாஸ் ஷூ. கையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருப்பது போல ஒரு கோடு போட்ட நோட்டு. வேலை கேட்டு வந்தவர் என்று நினைத்து வாட்ச்மேன் அவரை வெளியே வரிசையில் நிற்கச் சொல்லிவிட்டார். நான் யார் தெரியுமா என்று அவரும் கேட்கவில்லை. இன்டர்வியூவுக்கு வந்த பெண்களோடு ஒரு மணி நேரம் வெயிலில் நின்றிருக்கிறார். விஷயம் தெரிந்து நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"சார், வேலை கேட்டு வர்ற பொண்ணுங்க ஒண்ணுக்குப் போவணும்னா எங்க சார் போவாங்க?"

அத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நானாகவும் யோசித்ததில்லை.

எங்கள் தொழிற்சாலை கனகம்மாசத்திரம் போகிற சாலையில் இருக்கிறது. கார்களுக்குள் போகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகச் சேர்த்து அனுப்புவது தொழில். பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு, நகரி என்று சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் கம்பெனி பஸ்ஸில் வருவார்கள். வந்த வேகத்தில் ஆறு மாதத்தில் நின்றும் போவார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று கண்டுபிடித்துச் சொல்லத்தான் தலைமை அலுவலகம் இந்த அம்மாவை அனுப்பியது. மனுஷர் வேலை செய்கிற மாதிரி இடத்தை மாற்றிக் கொடுங்கள், வேலையும் நன்றாக நடக்கும் என்று எடுத்துச் சொல்வது அவர் தொழில். அதைச் சொல்லியே பல ஊர்களில், பல கம்பெனிகளில் இருபது வருடத்துக்கு மேல் பிழைத்திருக்கிறார்.

அவர் வேலை செய்த விதம் விசித்திரமானது. முதல் வாரம் லைனில் ஒருவரிடமும் கேள்வி கேட்கவில்லை. மூன்றாவது லைனில் ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். காலை ஷிப்ட் முழுக்க நின்றார். நாற்காலி கொண்டுவரட்டுமா என்றதற்கு, "இவங்களுக்கும் கொண்டாங்க, சேந்தே உக்காந்துக்கிறோம்" என்றார். நான் நாற்காலியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனேன். ஷிப்ட் முடிந்ததும் என் அறைக்கு வந்து ஷூவைக் கழற்றிக் காலை நீட்டி, "காலு ரெண்டும் என்னுது இல்ல சார்" என்று சிரித்தார். அடுத்த மாதம் எல்லா லைனிலும் காலுக்குக் கீழே ரப்பர் பாய் வந்தது. அதற்கடுத்த மாதம் கழிவறைக்குப் போக லைனுக்கு ஒரே ஒரு அட்டை என்று நாங்கள் வைத்திருந்த முறையும் ஒழிந்தது. அட்டையை யார் கழுத்தில் மாட்டியிருக்கிறார்களோ அவர் திரும்பி வந்தால்தான் அடுத்தவர் போகலாம். அந்த முறையைக் கண்டுபிடித்ததே நான்தான். அப்போது எனக்குப் பாராட்டுக்கூடக் கிடைத்தது.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. யார் சொன்னது என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்.

நோட்டில் பெயரே எழுதமாட்டார். "ஒருத்தர் சொன்னாங்க" என்றுதான் ஒவ்வொரு வரியும் ஆரம்பிக்கும். ஒருத்தர் சொன்னாங்க, கேன்டீன் சாம்பார்ல சோடா வாசம் வருது. ஒருத்தர் சொன்னாங்க, சூப்பர்வைசர் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல, ஏய்னுதான் கூப்பிடறார். பெண்கள் அவருக்கு 'ஒருத்தர் அம்மா' என்றே பேர் வைத்துவிட்டார்கள். எங்கள் பிளான்ட் ஹெட் கெட்டிக்காரர். டீ வாங்கிக் கொடுத்து, சிரித்துப் பேசி, "நம்ம ரெண்டு பேருக்குள்ளதான் மேடம், அந்த சாம்பார் விஷயம் சொன்னது யாரு?" என்று கேட்டுப் பார்த்தார்.

"சாம்பார்ல சோடா இருக்குதா இல்லியான்னு பாருங்க சார். யார் வாயில பட்டா என்ன?" என்று சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

ஒருமுறை என்னிடமே ஒரு பழைய கதையைச் சொன்னார். எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸுகளிடம் பேசி எழுதிக்கொண்டிருந்தபோது, நிர்வாகம் நோட்டைக் கேட்டிருக்கிறது. யார் சொன்னது என்று தேடமாட்டோம், சும்மா படிக்கத்தான் என்று கெஞ்சியிருக்கிறார்கள். இவர் அவர்கள் முன்னாலேயே ஒவ்வொரு பக்கமாகக் கிழித்து, கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பிசைந்துவிட்டாராம். அந்த ஆஸ்பத்திரி வேலை அதோடு போயிற்று.

"பைத்தியமா மேடம் நீங்க?" என்றேன்.

"சார், ஒரு பொண்ணு நம்மகிட்ட பேசறது லேசான விஷயம் இல்ல. வூட்டுல, பஸ்ல, இங்க, எங்க வாயத் தொறந்தாலும் அதுக்கு ஒரு தண்டன இருக்குது. என்கிட்ட பேசினதுக்கும் தண்டன வந்தா அப்புறம் அது யார்கிட்ட பேசும்?"

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "நீங்களும் நல்லவர்தான் சார். ஆனா அது வெளியில தெரியாம நல்லா பாத்துக்கறீங்க" என்றார். கிண்டல்தான். ஆனால் அன்று முழுக்க அது என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

இனி எஸ்தரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அந்த அம்மா எங்களிடம் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் ஆடிக் கிருத்திகை வந்தது. கிருத்திகை அன்று எங்கள் பக்கம் யாரும் வேலைக்கு வருவதில்லை. சாலை முழுக்கக் காவடி, பஸ்ஸெல்லாம் வேறு வழியில் திருப்பி விடுவார்கள். ஆர்டர் நெருக்கடியில் கம்பெனி அன்று விடுமுறை கொடுக்கவில்லை. மூன்றாவது லைனுக்கு வந்தவர்கள் ஏழெட்டுப் பேர். எஸ்தரைத் தவிர எல்லாரும் ஒடிசாவிலிருந்து காண்ட்ராக்டில் வந்த பிள்ளைகள். எஸ்தருக்கு ஐந்தாவது மாதம். உட்கார்ந்து செய்கிற வேலை வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தாள். இரண்டு காகிதமும் என் மேஜையில் இருந்தன. ஆள் குறைவு என்பதால் அன்று அவளை இரண்டு இடத்து வேலை பார்க்கச் சொல்லி நிற்கவைத்திருந்தார்கள். பதினோரு மணிக்கு மயங்கி விழுந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தவளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினோம். கூட யாரும் போகவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரியில் குழந்தை போய்விட்டது.

அடுத்த வாரம் வெளிநாட்டு வாடிக்கையாளர் ஆய்வுக்கு வருவதாக இருந்தார். பிளான்ட் ஹெட் என்னைக் கூப்பிட்டு, "அந்தப் பொண்ணு அன்னைக்கு லீவு. புரியுதா?" என்றார். வருகைப் பதிவைக் கம்ப்யூட்டரில் திருத்துகிற உரிமை என்னிடம்தான் இருந்தது. திருத்தினேன். ஒடிசாப் பிள்ளைகளை மாதக் கடைசியில் வேறு பிளான்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவள் கணவன் லாரி டிரைவர். லோடு இறக்கிவிட்டு இரண்டு நாள் கழித்து ஊர் வந்தவன், நேரே கம்பெனிக்கு வந்தான். "அன்னிக்கு எஸ்தர் வேலைக்கு வந்துச்சா சார்?" என்று கேட்டான். நான் தாளை பிரின்ட் எடுத்து அவன் கையில் கொடுத்தேன். லீவு என்று போட்டிருந்தது. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனான். அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். மருமகள் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காவடிக் கூட்டத்தில் சுற்றியிருக்கிறாள், அங்கே இடிபட்டுப் பிள்ளையை இழந்திருக்கிறாள், கேட்டால் வேலைக்குப் போனேன் என்று சாதிக்கிறாள் என்று ஆகிவிட்டது. எஸ்தரை அவள் அம்மா வீட்டுக்கு, பொதட்டூர்பேட்டைக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் வேலையையும் விட்டுவிட்டாள். நின்று போனவர்கள் பட்டியலில் அவள் பேருக்கு நேராக 'சொந்தக் காரணம்' என்று எழுதியதும் நான்தான்.

அந்தப் பட்டியலோடு லீவுத் தாள்களையும் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா ஒருநாள் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

"சார், எஸ்தர் எதுக்கு சார் கிருத்திகைக்கு லீவு போட்டுச்சு?"

கிருத்திகை அன்று வராத அத்தனை பேருக்கும் காரணம் என்கிற இடத்தில் 'கிருத்திகை' என்று தட்டுவது என் வழக்கம். அதே கையோடு எஸ்தர் பேருக்கும் தட்டியிருந்தேன்; அவள் கணவன் கையில் கொடுத்த தாளிலும் அதுதான் இருந்தது. வெளியூர்க்காரன் செய்திருந்தால் காய்ச்சல் என்றோ வயிற்றுவலி என்றோ யோசித்துப் போட்டிருப்பான். இந்த ஊர்க்காரனுக்குக் கிருத்திகை லீவு என்பது யோசிக்காமல் வருகிற விஷயம்.

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அந்த இரண்டு காகிதங்களைப் பற்றியும் சொன்னேன். அவர் நோட்டைத் திறக்கவே இல்லை. நான் முடித்த பிறகு கேட்டார்.

"இத நான் எழுதலாமா சார்?"

"என் பேரு வரக்கூடாது மேடம்."

"வராது. ஆனா அந்தப் பொண்ணு அன்னிக்கு வேலையில இருந்திச்சின்னு ஒரு வரி கம்பெனி எழுதிக் குடுக்கணும். அந்த ஒரு வரிய வாங்கிட்டா அது வீட்டுக்குத் திரும்பிடும். யாராவது உங்களக் கேட்டா ஆமான்னு மட்டும் சொல்லுங்க. போதும்."

"ஆங்" என்றேன். என் பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். ஆனாலும் அந்த நிமிஷம் நான் சொன்ன 'ஆங்' உண்மையான 'ஆங்' தான். அதை எப்படியாவது நம்புங்கள்.

அறிக்கை போயிற்று. தலைமை அலுவலகத்திலிருந்து டைரக்டர் ஒருவர் வந்தார். மேஜைக்கு ஒரு பக்கம் பிளான்ட் ஹெட்டும் நானும், எதிர்ப்பக்கம் அந்த அம்மா. பிளான்ட் ஹெட் வருகைப் பதிவைக் காட்டினார். ஆலோசகர் காசுக்காகக் கதை கட்டுகிறார் என்றார். டைரக்டர் அந்த அம்மாவிடம், "யார் சொன்னதுன்னு சொல்லுங்க, இப்பவே கூப்பிட்டு விசாரிக்கிறேன்" என்றார்.

"அதைச் சொல்லமாட்டேன் சார்."

"சொல்லலேன்னா இது பொய்யின்னுதான் எடுத்துக்கணும். உங்க பேரும் கெட்டுப்போகும்."

"தெரியும் சார்."

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். "ரெக்கார்டு உங்க பொறுப்புதானே? அப்படி ஏதாவது மாத்தினீங்களா?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். பயமுறுத்துகிற பார்வையோ கெஞ்சுகிற பார்வையோ இல்லை. பஸ்ஸுக்கு நிற்பவர் சாலையைப் பார்ப்பது போலத்தான் பார்த்தார், வந்துவிடும் என்கிற நம்பிக்கையோடு.

"இல்ல சார்" என்றேன்.

அவர் நோட்டை மூடினார். பென்சிலைப் பையில் போட்டுக்கொண்டார். போகும்போது எல்லாருக்கும் பொதுவாக, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

எங்கள் வட்டாரத்து எச்.ஆர். ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. அன்று சாயங்காலமே பிளான்ட் ஹெட் சொல்லி அதில் செய்தி போயிற்று. இன்ன ஆலோசகர் ஆதாரமில்லாமல் புகார் எழுதுகிறவர், கூப்பிடுவதற்கு முன் யோசிக்கவும். அடித்து அனுப்பியது நான் இல்லை. ஆனால் படித்துவிட்டுச் சும்மா இருந்தேன். ஒவ்வொரு கம்பெனியாக அவரைக் கூப்பிடுவதை நிறுத்தியது.

அதற்குப் பிறகு ஒரே ஒருமுறை அரக்கோணம் பிளாட்பாரத்தில் பார்த்தேன். டீக்கடைக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் பார்த்துவிட்டு நேரே வந்தார். அதே கேன்வாஸ் ஷூ. ஆனால் ஆள் பாதியாகியிருந்தார்.

"பொண்ணு கல்யாணம் நல்லபடியா ஆச்சா சார்?"

"ஆச்சு மேடம்."

"எஸ்தர் தறிக்குப் போயிகினு இருக்குது. போன வாரம் பாத்துட்டு வந்தேன்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று ஒரு வார்த்தைதான் நான் சொல்ல வேண்டியிருந்தது. ட்ரெயின் வந்துவிட்டது என்று சொல்லி, என் ஊருக்குப் போகாத ஒரு வண்டியில் ஏறி நின்றுகொண்டேன்.

அவர் இறந்த செய்தியும் அதே வாட்ஸ்அப் குரூப்பில்தான் வந்தது. மாரடைப்பு. அவரைக் கூப்பிட வேண்டாம் என்று சொன்ன அதே ஆட்கள் வரிசையாகக் கைகூப்புகிற படம் போட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது. யார் மேல் எரிந்தது என்று எனக்கே தெரியும்.

அரக்கோணத்துக்குப் போனேன். எரித்துவிட்டு ஆண்கள் திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். அவர் கணவர் ரயில்வேயில் ஓய்வு பெற்றவர். என் கையைப் பிடித்துக்கொண்டு எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொன்னேன்.

"உங்க கம்பெனியிலதான் சார் அவளுக்கு ஏதோ பிரச்சனை ஆச்சு. யாரோ சொன்னத நம்பி எழுதிட்டா. யாரு அந்த ஆளுன்னு நான் கேக்காத நாள் இல்ல. என்கிட்டகூடச் சொல்லல சார். அவருக்கும் குடும்பம் இருக்குது, அவராவே ஒருநாள் வந்து சொல்லுவாருன்னு சொல்லிகினே இருந்தா." பிறகு, "இவ்ளோ தூரம் நீங்களாவது வந்தீங்களே" என்று என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். நான் அந்தக் கையை விடுவித்துக்கொண்டு தெருமுனை வரை நடந்து, ஒரு சுவரோரம் நின்று அழுதேன்.

மறுநாள் காலை தலைமை அலுவலகத்துக்கு ஒரு பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி, கீழே என் பேரை முழுசாகப் போட்டு, தபாலில் சேர்த்தேன். முதலில் எஸ்தரிடம்தான் போயிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. கனகம்மாசத்திரம் பஸ் ஏறி, இறங்கி, வயல் வழியாக இரண்டு மைல் நடந்து அவள் மாமியார் வீட்டுக்குப் போனேன். மகன் லோடு எடுத்துப் போயிருந்தான். மாமியார் வாசலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். கம்பெனியிலிருந்து வருகிறேன் என்றதும் முகம் மாறியது. நான் உட்காராமலே சொன்னேன்.

"அன்னிக்கு எஸ்தர் வேலைக்குத்தாம்மா வந்திருந்தா. நின்னுகினே வேலை பாத்தா, அங்கதான் மயங்கி வுழுந்தா. லீவுன்னு மாத்தினவன் நான். உங்க மவன் கையில தாளக் குடுத்தவனும் நான்தான்."

அவர் கை நின்றுவிட்டது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"இதையேதான் அந்தம்மா வந்து சொன்னாங்க" என்றார்.

"எந்தம்மா?"

"அதான், ஷூ போட்டுகினு ஒரு அம்மா. உங்க கம்பெனிக்கு வந்துகினு இருந்தாங்களாமே. ரெண்டு வருசம் ஆவுது. உங்க மருமவ பொய் சொல்லலன்னு சொன்னாங்க. யாரு சொன்னாங்க உனக்குன்னு கேட்டேன். பேரக் குடு, நாங்க போயி கேட்டுக்கறோம்னேன். குடுக்கமாட்டேன்னுட்டாங்க. பேரு இல்லாத பேச்ச நம்பி எப்பிடி சார் புள்ளய வூட்டுக்குள்ள சேக்கறது? எஸ்தர்தான் அனுப்பிச்சிருக்கான்னு நெனச்சி கத்திட்டேன். நல்ல வெயிலு. ஒரு சொம்பு தண்ணி கேட்டாங்க. குடுக்கல சார் நானு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மவன் வரட்டும், எஸ்தரப் போயி கூட்டிகினு வர்றோம். எங்க மூஞ்சியப் பாப்பாளோ மாட்டாளோ. அந்தம்மாவயும் ஒரு தபா கூட்டிகினு வர்றீங்களா சார்? கையப் புடிச்சி ஒரு வார்த்த சொல்லிடறேன்."

நேற்று அரக்கோணத்தில் அவரை எரித்தாகிவிட்டது என்று சொன்னேன்.

அவர் எழுந்தார். மடியிலிருந்த கடலையெல்லாம் தரையில் சிதறியது. உள்ளே போனார். நான் கிளம்பலாமா நிற்கலாமா என்று தெரியாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவர் கையில் சொம்பு நிறையத் தண்ணீர் இருந்தது.

"நடந்து வந்திருக்கீங்க. உங்களயும் அப்பிடியே அனுப்பக் கூடாது சார்" என்று அழுதுகொண்டே நீட்டினார். "குடிங்க."

இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். குடிக்க முடியவில்லை.